‘விவசாயி’ என்னும் சொல்லுக்குள் யார்?

ஒரு கவிதையில் சொல் விட்டுப்போனால் மௌனம், இடைவெளி என்று பக்கம்பக்கமாக எழுதுகிறோம். ஒரு வர்க்கமே விட்டுப்போன அரசாணையை ‘அது நிர்வாக விஷயம்’ என்று ஒதுக்கிவிடுகிறோம். மானியத் திட்டங்களும் பிரதிகள்தாம். அவற்றுக்கும் கதாநாயகர்கள் உண்டு, வெளியேற்றப்பட்டவர்கள் உண்டு.

2019 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட பி.எம். கிசான் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 6000 ரூபாய், மூன்று தவணைகளில், நேரே வங்கிக் கணக்குக்கு. இதன் பெயரில் உள்ள ‘சம்மான்’ என்பதற்குக் கௌரவம் என்று பொருள். இது புதிதல்ல. ‘மானியம்’ என்பதே மதிப்புக்குரியவருக்கு விடப்பட்டது என்னும் வழியில் வந்த சொல். கோயிலுக்கும் பிராமணருக்கும் ஊர் ஊழியம் செய்தவருக்கும் வரி நீக்கி விடப்பட்ட நிலம் அது. கொடுப்பவரின் பெருமையைச் சொல்லும் சொல், வாங்குபவரின் உரிமையைச் சொல்வதல்ல.

சரி, யாருக்குக் கௌரவம்? 1.2.2019 அன்று நிலப் பதிவேட்டில் பெயர் இருந்த குடும்பத்துக்கு. குடும்பம் என்றால் கணவன், மனைவி, 18 வயது நிரம்பாத பிள்ளைகள். பட்டா பெரும்பாலும் ஆண் பெயரில். நாற்றுப் பறித்து, நட்டு, களையெடுக்கும் பெண் அந்தக் குடும்பம் என்ற சொல்லுக்குள் கரைந்துபோகிறாள். முதலில் 2 ஹெக்டேர் உச்சவரம்பு இருந்தது. சில மாதங்களிலேயே அது நீக்கப்பட்டது. வருமான வரி கட்டுபவர்களுக்கு இல்லை என்கிறார்கள். விவசாய வருமானத்துக்குத்தான் இங்கே வரியே கிடையாதே! ஆக, ஐம்பது ஏக்கர்காரர் அதை மட்டுமே வைத்துப் பிழைத்தால் உள்ளே. அவர் நிலத்தைக் குத்தகைக்கு உழுகிறவர் வெளியே. போய் நின்றால் ஒரே கேள்விதான்: ‘பட்டா யார் பேர்ல இருக்கு?’

குத்தகைதாரரை எப்படி அடையாளம் காண்பது என்று கேட்கிறார்கள். 1952இல் தஞ்சாவூருக்குப் போட்ட சட்டம் குத்தகைதாரர், பண்ணையாள் இருவரையும் பெயர் சொல்லி அழைத்தது. 1969இல் குத்தகை உரிமையைப் பதிவு செய்யவே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. பதிவு ஏன் நடக்கவில்லை என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். எழுதிக் கொடுத்தா நிலம் போயிடும் என்று உடைமையாளர் வாய்ப்பேச்சோடு நிறுத்திக்கொள்கிறார். எழுதிக் கேட்டா அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காது என்று உழுபவர் வாயை மூடிக்கொள்கிறார். ஒடிசாவின் காலியா திட்டம் குத்தகைதாரரையும் நிலமற்றவரையும் சேர்த்துத்தான் வகுக்கப்பட்டது. அதிலும் குளறுபடிகள் இருந்தன. ஆனால் அவர்களுக்கு ஒரு பெயராவது அந்தப் பிரதியில் இருந்தது.

2020இல் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் என்று முறைகேடு வெடித்தபோது தகுதியற்றவர்கள் 5 லட்சத்துக்கும் மேல், தொகை சுமார் 110 கோடி என்றார்கள். கடவுச்சொல்லைத் திருடிக் கமிஷன் அடித்த தரகர்களுக்காக வாதாட நான் வரவில்லை. பத்திரிகைகள் கொண்டாடிய ‘போலி விவசாயி’ என்ற சொல்தான் உறுத்துகிறது. போலி என்றால் அசல் எது? பட்டாவா? பிடிபட்டவர்களில் குத்தகைக்கு உழுதவர் எத்தனை பேர், கூலிக்குப் போனவர் எத்தனை பேர், மண்ணையே தொடாதவர் எத்தனை பேர் என்று பிரித்துப் பார்க்க அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை.

நாம் மட்டும் யோக்கியமா? எழுபதுகளில் நாராயணசாமி நாயுடு தலைமையில் எழுந்த போராட்டம் மின்கட்டணத்தைப் பேசியது, கடனைப் பேசியது. கூலி அங்கே மையத்துக்கு வரவில்லை. கீழ்வெண்மணியில் 1968இல் 44 பேர் எரிக்கப்பட்ட மாநிலத்தில் நின்றுகொண்டு, நம் துண்டறிக்கைகளிலும் ‘விவசாயி’ என்று ஒருமையிலேயே எழுதிவருகிறோம்.

2025இல் விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் கொடுக்க இங்கே முகாம் போட்டார்கள். ஆதாரோடு பட்டாவும் கொண்டுவரச் சொன்னார்கள்.