அவள் மூன்று இடங்களைப் பார்த்தாள்

திருக்குறளின் 1279ஆம் குறளில் நாயகி வாயே திறப்பதில்லை. தலைவன் பிரியப்போவது தெரிந்த பெண் முதலில் தன் வளையல்களைப் பார்க்கிறாள். பிறகு தோள்களைப் பார்க்கிறாள். அப்புறம் கால்களை. தோழி இதைத் தலைவனிடம் போய்ச் சொல்கிறாள். நடந்தது இதுதான் என்று அதோடு நிறுத்திக்கொள்கிறாள். நீ போனால் வளை கழலும், தோள் மெலியும், அப்படி ஆகாதிருக்க இந்தக் கால்கள் உன்னோடு நடந்து வரவேண்டும் என்பதை உரைகாரர்கள்தான் நமக்கு எடுத்துச் சொல்கிறார்கள். ஏழு சீர், மூன்று பார்வை, விளக்கமாக ஒரு சொல் கிடையாது. தமிழில் குறுங்கவிதை என்று எதைச் சொன்னாலும் நான் இந்தக் குறளை அதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது வழக்கம். பெரும்பாலும் புதியது தோற்றுவிடும்.

உடல்மொழி என்ற சொல் இன்று நேர்காணல் பயிற்சி வகுப்புகளின் சொத்தாகிவிட்டது. நிமிர்ந்து உட்கார், கையைக் கட்டாதே, கண்ணைப் பார்த்துப் பேசு என்கிறார்கள். உள்ளே நடுங்கிக்கொண்டிருப்பவன் நடுங்காதவனாகத் தெரியவேண்டும், பாடம் அவ்வளவுதான். பழந்தமிழ்க் கவிஞர்கள் உடலை நேர்மாறாகப் பயன்படுத்தினார்கள். வாய் மறைப்பதை உடல் சொல்லிவிடும் இடத்தில் அவர்கள் காத்திருந்தார்கள்.

இதற்கு இலக்கணமே உண்டு. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஆறாவது இயல் மெய்ப்பாட்டியல். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என உடலில் தெரியும் உணர்வுகள் எட்டு. ஒவ்வொன்றும் பிறக்க நான்கு நிலைக்களன்கள். வடமொழி நாட்டிய சாத்திரமும் சுவையை எட்டு என்றுதான் எண்ணுகிறது. யார் யாரிடம் பெற்றார்கள் என்ற வழக்கு இங்கே வேண்டாம். அச்சத்துக்குத் தொல்காப்பியர் தரும் நான்கு: தெய்வம், விலங்கு, கள்வர், தம் தலைவர். நான்காவதை அலுவலகம் போய்வருகிற எவரும் மறுக்கமாட்டார்கள்.

எட்டோடு அவர் விட்டிருந்தால் அது வெறும் பட்டியல். காதல் கொண்ட பெண்ணின் உடலில் படிப்படியாக என்னென்ன தோன்றும் என்று அடுத்துச் சொல்லத் தொடங்குகிறார். நெற்றி வியர்க்கும், வரும் சிரிப்பை மறைப்பாள், கூந்தலை அவிழ்த்துவிடுவாள், ஒரு காதின் அணியை மட்டும் கழற்றுவாள், உடுத்திய உடையைக் குலைத்து மறுபடி உடுத்துவாள். அந்த ஒரு காதணியைக் கவனியுங்கள். இரண்டு காதிலிருந்தும் கழற்றினால் அது தூங்கப் போகிறவள் செய்வது. ஒன்றை மட்டும் கழற்றுபவளுக்கு வேறு நினைப்பு. இதை எழுதியவர் ஏட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர் அல்லர்.

இன்னொரு செய்தி. அதே நூலின் செய்யுளியலில் ஒரு பாட்டுக்கு வேண்டிய உறுப்புகள் முப்பத்து நான்கு என்கிறார். அந்த வரிசையில் மெய்ப்பாட்டுக்கு அடுத்து வருவது எச்சம், அதாவது சொல்லாமல் மிச்சம் வைப்பது. அந்த மிச்சத்தைச் சொல்லாலும் நிரப்பலாம், குறிப்பாலும் நிரப்பலாம். இரண்டும் அடுத்தடுத்து நிற்பது தற்செயலாகவே இருக்கட்டும். என் வாசிப்பில் குறுங்கவிதையின் முழு இலக்கணமும் அந்த இரண்டு உறுப்புகளுக்கு இடையில்தான் இருக்கிறது. உடலைக் காட்டு, மிச்சத்தை விடு.

வள்ளுவரின் 133 அதிகாரங்களில் இருமுறை வரும் தலைப்பு ஒன்றுதான்: குறிப்பறிதல். 71ஆம் அதிகாரத்தில் அரசன் முகம் பார்த்து நடக்கவேண்டிய அமைச்சனுக்கு. 110ஆம் அதிகாரத்தில் காதலியின் கண் பார்த்துத் தவிக்கும் இளைஞனுக்கு. படிக்கத் தெரியவேண்டிய ஏடு இருவருக்கும் ஒன்றே என்று அவர் நினைத்திருக்கிறார்.

குறுந்தொகைக்கு வருவோம். பெரும்பாலும் நான்கு முதல் எட்டு அடி வரை உள்ள நானூற்றுச் சொச்சம் பாட்டுகள். 167ஆம் பாட்டு கூடலூர் கிழாருடையது. மகள் குடும்பம் நடத்தும் அழகைப் பார்த்து வந்த செவிலி, பெற்ற தாயிடம் சொல்வது. தயிர் பிசைந்த விரலை அப்படியே சேலையில் துடைத்துக்கொண்டிருக்கிறாள். தாளிதப் புகை கண்ணில் ஏறியிருக்கிறது. புளிக்குழம்பு கொதித்து முடிந்திருக்கிறது. கணவன் நன்றாயிருக்கிறது என்று உண்கிறான். அவள் முகம் மகிழ்கிறது, அதுவும் நுட்பமாக. ஆறடியில் ஐந்து அடி வேலை, கடைசி அடியில் முகம். அந்த 'நுட்பமாக' இல்லையென்றால் பாட்டு விளம்பரப் படமாகியிருக்கும். மகிழ்ச்சி வெளியே தெரியாமலிருக்க அவள் முயல்கிறாள், அது கொஞ்சம் கசிந்துவிடுகிறது. அந்தக் கசிவுதான் கவிதை.

எட்டாம் பாட்டில் ஆலங்குடி வங்கனாரின் பரத்தை வேறு ஜாதி. எங்கள் வீட்டில் பெரிய பேச்சுப் பேசியவன், தன் வீட்டில் கண்ணாடியில் தெரியும் பாவைபோல மனைவி கை தூக்கினால் கை தூக்குகிறான், கால் தூக்கினால் கால் தூக்குகிறான் என்று ஏளனம் செய்கிறாள். ஒருவனை அசைவால் இவ்வளவு சிறியவனாக்கிய பாட்டு குறைவு.

உடலும் குறுகிய வரியும் சந்திக்கும் இன்னொரு இடம் அபிநயம். சத்யஜித் ராய் 1976இல் எடுத்த 'பாலா' ஆவணப்படத்தில் பாலசரஸ்வதி கடற்கரையில் ஒரு கன்னடப் பாடலுக்கு ஆடுகிறார். கிருஷ்ணனை வா என்று அழைப்பதுதான் பாட்டு. அந்த ஒரு அழைப்பைக் கையும் முகமும் பலவிதமாக விரித்துக்கொண்டே போகின்றன. மேடையில் ஆடுபவர் விரிப்பதைக் குறுங்கவிதையில் வாசகர் தாமே விரித்துக்கொள்ளவேண்டும். அதற்கு இடம் விடாத கவிஞர், ஆடுகிறவரின் கையைக் கட்டிவிட்டுப் பாடுகிற பாடகர்.

நம் ஹைக்கூ சறுக்கியது இங்கேதான். பாரதி 1916இலேயே சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதினார். அப்துல் ரகுமானின் 'பால்வீதி' 1974இல் வந்தது. 1984இல் அமுதபாரதியின் 'புள்ளிப் பூக்கள்', அறிவுமதியின் 'புல்லின் நுனியில் பனித்துளி' இரண்டும் வந்தன. பிறகு வார இதழ்களின் பக்க மூலைகளெல்லாம் ஹைக்கூ. மூன்றாவது வரியில் ஒரு குத்து வைத்தால் போதும் என்றாகிவிட்டது. வரதட்சணை, வேலையின்மை, சுதந்திர தினம். முதல் இரண்டு வரி விடுகதை, மூன்றாவது விடை. அவற்றில் ஒரு மனிதர் உட்காருவதோ திரும்பிப் பார்ப்பதோ அபூர்வம். நல்லவை இல்லாமலில்லை, தேடவேண்டியிருக்கிறது.

இதற்கு மாற்றாக நான் நினைப்பது நகுலனின் ராமச்சந்திரன் கவிதை. அதில் கையசைவு ஒன்றுகூட எழுதப்படவில்லை. இரண்டு பேர் பேசிக்கொள்கிறார்கள், பாதியில் விட்டுவிடுகிறார்கள். ஆனாலும் எதிரெதிரே நிற்கும் இருவர் முகமும் நமக்குத் தெரிகின்றன. மெய்ப்பாட்டைக் கண்ணாலும் செவியாலும் உணரத் தெரிந்தவர்க்கே அது பிடிபடும் என்று தொல்காப்பியர் அந்த இயலை முடிக்கிறார். செவியையும் சேர்த்தது ஏன் என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை.

புரிந்தது வீட்டில். கோபமாக இருக்கும் நாளில் என் மனைவி காப்பி டம்ளரை மேசையில் வைக்கும் சத்தம் வேறு. திரும்பிப் பார்க்கவே வேண்டாம். அதை எழுத உட்கார்ந்தேன். முதலில் பதினோரு வரி. கோபத்துக்கான காரணம், என் சமாதானம், அவள் சேலை நிறம் எல்லாம் இருந்தன. காரணத்தை அடித்தேன். சமாதானம் தானாகவே போயிற்று. 'கோபம்' என்ற சொல்லை அடித்த அன்று பெரிய கொண்டாட்டம்; அந்தச் சொல் போனதும் சத்தம் கேட்கத் தொடங்கியது. எழுதுகிறவருக்குக் குறுங்கவிதை தரும் இன்பம் பெரும்பாலும் இதுதான்: பேருந்துப் பயணச்சீட்டின் பின்புறத்தில் அடங்குகிற அளவுக்கு வெட்டிக்கொண்டே போவது, எதை வெட்டினாலும் உயிர் போகாமல் மேலும் துடிப்பதைப் பார்ப்பது. நாவல் எழுதும் நண்பர்களுக்கு இந்தச் சுகம் கிடையாது, பாவம்.

இப்போது நான்கு வரி இருக்கிறது. நாலாவது வரி தேவையில்லை என்று மனைவி படித்துவிட்டுச் சொன்னாள். அவள் சொல்வது சரிதான். இன்னும் அடிக்கவில்லை.