சமய ஒருமையும் அரச நலனும்: ‘செலஸ்தீனா’ தோன்றிய சூழல் பற்றிய ஒரு குறிப்பு

இலக்கியப் படைப்பொன்றின் கூற்றுகளை மட்டுமன்றி அதன் மௌனங்களையும் அது தோன்றிய சமூகத்தின் முரண்பாடுகளோடு இணைத்து நோக்குதல் வேண்டும் என்பது நமது நிலைப்பாடு. பெர்னாண்டோ டி ரோஹாஸின் ‘செலஸ்தீனா’ இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். 1499 ஆம் ஆண்டளவில் புர்கொஸ் நகரில் அச்சேறிய இவ்வுரையாடல் நூல், கஸ்தில் அரசி இசபெல்லா, அவர் கணவரான அரகோன் மன்னர் பெர்டினண்ட் ஆகியோரின் ஆட்சிக்காலத்துக்குரியது.

இவ்விருவருக்கும் ‘கத்தோலிக்க அரசர்கள்’ என்னும் பட்டத்தைப் பாப்பரசர் ஆறாம் அலெக்சாண்டர் 1496 இல் வழங்கினார். அப்பட்டத்தைக் கொண்டு அவர்தம் கொள்கைகளைச் சமயப்பற்றின் வெளிப்பாடாக மாத்திரம் காண்போர் உளர். சான்றுகள் அதற்கு இடந்தரவில்லை. 1478 இல் பாப்பரசரின் அனுமதியுடன் தோன்றிய சமய விசாரணை மன்றின் விசாரணையாளரை நியமிக்கும் உரிமை அரசரிடமே இருந்தது. அரகோனில் அம்மன்று நடந்துகொண்ட முறையைப் பாப்பரசரே 1482 இல் கண்டித்தபோதும் பெர்டினண்ட் இணங்கினாரல்லர். 1492 இல் யூதர் வெளியேற்றப்பட்டனர். 1502 இல் கஸ்தில் முஸ்லிம்கள் மதம் மாறவோ நாடு நீங்கவோ பணிக்கப்பட்டனர். ஆனால் அரகோன் முடியின் கீழிருந்த முஸ்லிம்கள் 1520களின் நடுப்பகுதிவரை தம் சமயத்தைப் பேண முடிந்தது. வலென்சியாவின் நிலப்பிரபுக்கள் அவர்தம் உழைப்பிலே தங்கியிருந்தமை இதற்கு முக்கிய காரணமாகும்.

அயல்நாட்டுக் கொள்கையிலும் இதனையே காண்கிறோம். போர்த்துக்கல் மன்னர் மானுவேல் இவர்தம் மூத்த மகளை மணப்பதற்கு, அந்நாட்டு யூதரை வெளியேற்றுதல் நிபந்தனையாயிற்று. அதே அரசர்கள், கிரனாடா முஸ்லிம்கள் நடத்தப்பட்ட முறையினாற் சினமுற்ற எகிப்திய சுல்தானைச் சமாதானப்படுத்த 1501 இல் கெய்ரோவுக்குத் தூதனுப்பினர். நேப்பிள்ஸ் அரசைப் பங்கிட 1500 இல் பிரான்சுடன் உடன்பட்ட பெர்டினண்ட், 1504 அளவில் அதனை முழுமையாகத் தமதாக்கிக்கொண்டார். அங்கு தோல்வியுற்ற பிரான்சும் கிறித்தவ நாடே.

எனினும் யாவற்றையும் பொருளாதார நலனாகச் சுருக்குவது கொச்சைப் பொருள்முதல்வாதமாகும். கிரனாடாப் போருக்குக் கடன் உதவிய ஐசாக் அப்ரவனேலும் 1492 இல் நாடு நீங்கவேண்டியதாயிற்று. வரி செலுத்திய ஒரு சமூகத்தையே அரசு இழந்தது. இவ்வரசர்களுக்கு முன்னரே, 1449 இல், ரொலிடோ நகரில் மதம் மாறியோரைப் பதவிகளினின்று விலக்கும் ‘இரத்தத் தூய்மை’ விதி தோன்றியிருந்தது. கருத்துநிலை ஒருமுறை இயங்கத் தொடங்கின் தனக்கெனச் சுயவலுவொன்றைப் பெற்றுவிடுகின்றது.

ரோஹாஸ் மதம் மாறிய யூத மரபினர். முதற் பதிப்பிற் காணப்படாத அவர் பெயர், 1500 ஆம் ஆண்டு ரொலிடோப் பதிப்பின் செய்யுளடிகளது முதலெழுத்துக்களில் மறைந்து கிடக்கின்றது. நூலின் இறுதியில், மகள் மெலிபேயா கோபுரத்தினின்று வீழ்ந்து மாண்டபின் புலம்பும் செல்வந்தன் பிளெபேரியோ உலகையும் ஊழையும் காதலையும் குற்றஞ்சாட்டுகின்றான். மறுமை பற்றிய ஆறுதலை அவன் நாடவில்லை. இதனை மரபுரிமை இழந்தோரின் மறைமுகக் குரலாக மட்டும் கொள்ளும் திறனாய்வு ஒருபக்கச் சார்பானது. பொற்சங்கிலியைப் பங்கிட மறுத்த செலஸ்தீனாவைக் கொலைசெய்யும் வேலையாட்களை நோக்குக. ஆண்டான்-அடிமை விசுவாசம் சிதைந்து, பணமே மனிதரைப் பிணைக்கும் உறவாகின்றமையை இந்நூல் காட்டுகின்றது. சமயத்தின் பெயரால் அரசு ஒருமையை நிறுவிய வேளையில், அவ்வொருமைக்குக் கீழே சமூகம் பிளவுற்றுக் கிடந்தமையே இதன் பொருள்.

1525 இல் ரோஹாஸின் மாமனாரை விசாரணை மன்று சிறைப்படுத்தியது. சட்டம் கற்ற மருமகனைத் தம் வழக்கறிஞராகக் கோரினார் அவர். ஐயத்துக்கிடமில்லாத வேறொருவரைத் தெரிவுசெய்யுமாறு மன்று பணித்தது. பிளெபேரியோவின் புலம்பலிற் காணும் மௌனத்தை மதிப்பிடும் திறனாய்வாளர், இவ்விடையையும் அதனருகே வைத்து வாசித்தல் வேண்டும்.