தரவுத்தளத்தில் தமிழ்ப் பெயர்: ஒப்பீடும் அகரவரிசையும் குறித்த ஒரு திறனாய்வு

தரவுத்தள வடிவமைப்பாளரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் நடைமுறைக் கருத்து ஒன்றுண்டு. தரவுத்தளம் எழுத்துகளைப் பைட்டுகளாகப் பெற்று, பெற்றவாறே திருப்பித் தந்தாற் போதும். எவ்விரண்டு ஒரே சொல், எது முன், எது பின் என்பனவற்றைப் பயன்பாட்டு மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்பதே அது. ஆங்கிலப் பெயர்கள் மட்டும் நிறைந்த அட்டவணையில் இக்கருத்தின் குறை அவ்வளவாக வெளிப்படுவதில்லை. தமிழ்ப் பெயர்களைக் கொண்ட நூலகப் பட்டியலிலோ, சுவடிப் பட்டியலிலோ, வாக்காளர் பட்டியலிலோ அது விரைவில் தலைகாட்டுகிறது. இருக்கும் பதிவு இல்லையென விடை வருகிறது. ஒருவரே இருவராகப் பதிவாகிறார்.

உறவுசார் மாதிரியை 1970இல் முன்வைத்த ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட், உறவு என்பதைக் கணமாகக் கொண்டார். கணத்தில் ஓர் உறுப்பு இருமுறை இடம்பெறாது. உறுப்புகளின் வரிசைக்கும் அங்குப் பொருளில்லை. மேற்கூறிய கருத்தினர் இவற்றுள் இரண்டாவதையே பற்றிக்கொள்கின்றனர். ஆனால் ‘இருமுறை இடம்பெறாது’ என்னும் முதற்கூற்று, இரு மதிப்புகள் எப்போது ஒன்றாகும் என வரையறுத்தாலன்றி நிற்பதில்லை. அவ்வரையறையைப் பயன்பாட்டு மென்பொருளிடம் விட்டுவிடுவது, மாதிரியின் அடித்தளத்தையே வெளியே தள்ளுவதாகும்.

‘பொன்’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்ளலாம். இதிலுள்ள ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறியெண்களாகவும் எழுதலாம். யூனிகோடு இவ்விரண்டையும் நிகரானவை என்றே கூறுகிறது. கண்ணுக்கும் வேறுபாடில்லை. எனினும் போஸ்ட்கிரஸ் தன் இயல்பான ஒப்பீட்டில் பைட்டுகளையே நோக்குவதால் இரண்டும் வெவ்வேறு சொற்களாகின்றன. தனித்தன்மைக் கட்டுப்பாடு விதிக்கப்பட்ட புலத்திலும் இரண்டும் நுழைந்துவிடுகின்றன. 12ஆம் பதிப்பு முதல் இவற்றைச் சமமாகக் கருதும் வரிசைமுறையை ஐசியு நூலகத்தின் வழி அமைக்க முடிகிறது. 13ஆம் பதிப்பு, உள்ளிடப்படும் சரம் இயல்பாக்கப்பட்டதா எனச் சோதிக்கும் வசதியையும் தந்தது. இச்சோதனையைப் புலத்தின் கட்டுப்பாடாகவே எழுதிவைப்பது ஒரு வரி வேலை. அதைப் பயன்பாட்டு மென்பொருளில் எழுதினால், நாளை வேறொரு வழியாக மொத்தமாக ஏற்றப்படும் தரவு அச்சோதனையைக் காணாமலே உள்ளே வந்துவிடும்.

இயல்பாக்கம் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நம்புவதும் பிழை. ‘கௌரி’ என்னும் பெயரைக் கொம்பும் ளகரமுமாகத் தட்டச்சிட்டுக் ‘கெளரி’ என எழுதுவது மிகப் பரவலான வழக்கம். யூனிகோடு நோக்கில் இவை இரு வேறு சொற்கள். ளகரம் அங்கு மெய்யாகவே ஓர் எழுத்து. கெகரத்தை அடுத்து ளகரம் வருமிடமெல்லாம் ஔகாரமாக மாற்றிவிடலாம் எனத் துணிந்தால், ‘கெளுத்தி’ மீன் சிதைந்துபோகும். ‘ஸ்ரீ’யும் இத்தகையதே. சகர வகையைச் சேர்ந்த ‘ஶ’ யூனிகோட்டில் 2005இல் சேர்க்கப்பட்டபின் அதனைக் கொண்டும், அதற்கு முன்பிருந்தவாறு ஸகரத்தைக் கொண்டும் இவ்வெழுத்து எழுதப்படுகிறது. இயல்பாக்க விதி இவற்றை இணைப்பதில்லை. ஆகவே மூலப் பெயரை உள்ளவாறே ஒரு புலத்திலும், தேடலுக்கென ஒழுங்குபடுத்திய வடிவை மற்றொரு புலத்திலும் வைப்பதே தக்க வடிவமைப்பு. ஒரே செய்தியை இருமுறை வைப்பது முறையன்று என்னும் பாடநூற் கண்டனம் இங்குப் பொருந்தாது. இவை இரண்டும் ஒரே செய்தி அல்ல. (முதற்பெயர், குடும்பப்பெயர் எனப் புலம் பிரித்து, இரண்டாவதில் தந்தை பெயரை அடைக்கச் சொல்லும் வழக்கம் தனியே ஆராயத்தக்கது.)

புலத்தின் நீளம் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. ‘மீனாட்சிசுந்தரம்’ ஒன்பது எழுத்து; யூனிகோட்டில் 16 குறியெண்; யூடிஎஃப்-8இல் 48 பைட்டு. ஆரக்கிள் தன் இயல்பான அமைப்பில் நீளத்தைப் பைட்டாக எண்ணுவதால், 30 என அளவிட்ட பெயர்ப்புலம் இவரை ஏற்காது.

வரிசைக்கு வருவோம். வெறும் குறியெண் வரிசையில் னகரம், நகரத்தையடுத்துப் பகரத்துக்கு முன் நிற்கிறது. ஆதலால் ‘பலி’க்கு முன் ‘பனி’ வருகிறது. மெய்யெழுத்து உயிர்மெய்க்கு முன் வரவேண்டும் என்னும் அகராதி மரபும் பிறழ்ந்து, ‘அக்கம்’ என்பதற்கு முன் ‘அகம்’ வருகிறது. இவற்றைக் காட்சிக் குறை என ஒதுக்குவோர் உண்டு. அவர்களது வாதம் முற்றிலும் தவறன்று: திறவுகோற் புலங்களைக் குறியெண் வரிசையில் வைத்து, அறிக்கை எடுக்கும்போது மட்டும் தமிழ் வரிசையைப் பயன்படுத்துவது நல்ல நடைமுறையே. குறியெண் வரிசை ஒருநாளும் மாறாது என்பது அதன் பெருவலிமை. மொழிசார் வரிசைக்கு அவ்வுறுதி இல்லை.

இதன் கடுமையை ஆகஸ்டு 2018இல் வெளிவந்த ஜிலிப்சி 2.28 உணர்த்தியது. லினக்சின் அடிப்படை நூலகமான அது, தன் வரிசை விதிகளைப் பெருமளவில் மாற்றியது. தரவுத்தளத்தில் எதையும் தொடாமல் இயங்குதளத்தை மட்டும் மேம்படுத்திய நிர்வாகிகள், சுட்டுகள் பழைய வரிசையிலும் தேடல் புதிய வரிசையிலும் இயங்கும் நிலையை அடைந்தனர். மரவமைப்புச் சுட்டு ஒவ்வொரு கணுவிலும் முன்னா, பின்னா எனக் கேட்டே இறங்குகிறது. விடை மாறினால் தவறான கிளையில் இறங்கி, இருக்கும் பதிவை இல்லையெனக் கூறும். அக்கூற்றை நம்பி அதே திறவுகோலை மீண்டும் ஏற்கும். வரிசைக்குப் பொருளில்லை என்ற மாதிரியில், வரிசை பிறழ்ந்ததால் சமமே பிறழ்ந்தது. போஸ்ட்கிரஸ் பிற்பதிப்புகளில் வரிசைமுறையின் பதிப்பெண்ணைக் குறித்துவைத்து, மாறினால் எச்சரிக்கிறது. எச்சரிக்கை பதிவேட்டில் வரும். அதைப் படிப்பவர் வேண்டும்.

சுட்டை மீண்டும் கட்டும் ஆணையைப் பழுதுநீக்கும் முழு மருந்தாகக் கருதுவோர் ஒன்றைக் கவனிப்பதில்லை. இடைப்பட்ட நாள்களில் இரட்டைப் பதிவு நுழைந்திருந்தால், தனித்தன்மைச் சுட்டு கட்டப்படாமல் பிழையுடன் நின்றுவிடும். அதற்குள் முதற்பதிவை நம்பிச் சில வரவுகளும், இரண்டாம் பதிவை நம்பி வேறு சில வரவுகளும் பிற அட்டவணைகளில் சேர்ந்திருக்கக்கூடும். எப்பதிவை வைத்து எதை நீக்குவது என்பதை, அப்பெயருக்குரியவரை அறிந்த ஒருவர் அமர்ந்து பார்த்தே முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.