பழவேற்காட்டுப் பாதிரியாரும் உலக சமயத் தேர்வும்

அமெரிக்கக் கல்லூரி மாணவர் வகுப்பிற் பாடங் கேளாமலே தேர்வெழுதிக் கிரெடிட்டுப் பெறுதற்கு டி.எஸ்.எஸ்.டி. என்னும் தேர்வு வரிசை உளது. உலக சமய அறிமுகம் அதனுள் ஒன்று. தரப்பட்ட விடைகளுள் ஒன்றனைத் தெரிந்து குறித்தலே ஆண்டு மாணவன் செயல். பௌத்தம், யூதம், கிறித்தவம், இசுலாம் முதலியவற்றோடு இந்து சமயமும் ஒரு பகுதியாக அமைந்தமையின், ஆயத்தஞ் செய்வோர் ஒவ்வொன்றனையும் சில தொடர்களிற் சுருக்கி நெட்டுருப் பண்ணுகின்றனர். அங்ஙனஞ் சுருக்குமிடத்து, உயிரே பிரமம், அதனை உணர்தலே வீடு என்பது இந்துக்கள் அனைவர்க்கும் உரிய கொள்கையாகப் பலகாலும் கூறப்படுகின்றது.

இது சிறு பிழையன்று. பதி பசு பாசம் மூன்றும் அநாதி என்பதும், முத்தியிலும் உயிர் சிவத்தோடு பிரிவின்றி நிற்பதன்றிச் சிவமேயாகி விடுவதில்லை என்பதும் சித்தாந்தத்தின் உயிர்நிலை. அயல்நாட்டில் வாழும் சைவக் குடிப்பிள்ளை ஒருவன் இவ்வினாவை எதிர்ப்படின், தன் சமயம் மறுக்கும் விடையையே தன் சமயமெனக் குறித்து மதிப்பெண் பெற நேரும்.

இப்பிழையின் வரலாற்றைத் திருவள்ளூர் மாவட்டத்துக் கடற்கரையிலேயே தொடங்கி ஆராயலாம். பழவேற்காட்டு ஒல்லாந்தர் கோட்டையிற் பாதிரியாராயிருந்த ஆபிரகாம் ரோகேரியுஸ், பத்மநாபன் என்னும் அந்தணர்பால் கேட்டறிந்தவற்றைத் தொகுத்து எழுதிய நூல், அவர் மறைந்தபின் 1651இல் வெளிவந்தது. மறைந்து கிடந்த புறச்சமயத்திற்குத் திறந்த கதவு என்பது அதன் பெயர்ப்பொருள். பெயரே ஆசிரியர் நோக்கைக் காட்டும். எனினும் நூலுட் புகின் வியப்பே விளையும். நாட்டார் சமயத்தை ஒன்றெனக் கொள்ளாது, வைணவர், சைவர், சுமார்த்தர், சார்வாகர், பாஷண்டர், சாத்தர் எனப் பகுத்துரைக்கின்றார் அவர். பர்த்ருஹரியின் சதகங்கள் ஐரோப்பிய மொழியில் முதன்முதலாகப் புகுந்ததும் அந்நூல் வழியேயாம். குறை யாதெனின், கேட்ட வாய் பெரும்பான்மையும் ஒன்றே. பேசிய மொழியும் போர்ச்சுகீசியம். அம்மையார் பாடிய திருவாலங்காடும், தேவாரம் பெற்ற திருப்பாசூரும் அதே வட்டாரத்தில் இருந்தும், தமிழ்மறையின் குரல் அவர் செவிக்கு எட்டிலது.

மூன்று நூற்றாண்டு கழித்து 1958இல் ஹூஸ்டன் ஸ்மித் எழுதிய உலக சமய நூல் மாணவரிடைப் பெரிதும் பரவியது. அவர் அன்புடையார், பிற சமயத்தை இழித்துரையார். ஆயின் அவர்தம் ஆசிரியர் இராமகிருஷ்ண சங்கத்துச் சத்பிரகாசானந்தர். நூலின் இந்து சமயப் பகுதியும் நால்வகை யோகத்தை அடிப்படையாகக் கொண்டு நடக்கின்றது. ஈண்டும் வாயில் ஒன்றே. பழவேற்காட்டார் பிரித்த பெயர்களைப் பின்வந்தார் ஒன்றாக்கினர் என்பது நோக்கத்தக்கது. பழவேற்காட்டிற்கு அணித்தாகிய கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இன்று வடநாட்டார் பலர் தொழில் புரிகின்றனர். ஆண்டு ஒரே பட்டறையில் நிற்கும் சகந்நாதரன்பரும் சைவரும் இந்து என்னும் ஒரு பெயர்க்குரியரே. ஒருவர் கொள்கையை மற்றவர் தலையில் ஏற்றுதல் யாங்ஙனம் பொருந்தும்?

இனி, அருணந்தி சிவாசாரியார் பரபக்கத்தில் உலகாயதம் முதற் பாஞ்சராத்திரம் ஈறாகப் பதினான்கு மதங்களை எடுத்து ஆராய்ந்தனர். அவர் நோக்கம் மறுத்தலே; நடுநிலைப் பாடநூல் அன்று அது. ஆயினும் ஒவ்வொரு மதத்தையும் அதனதன் கூற்றாக முன் நிறுத்திய பின்னரே மறுப்புத் தொடங்குகின்றது. பௌத்தத்தை ஒன்றாக்காது சௌத்திராந்திகம், யோகாசாரம், மாத்தியமிகம், வைபாடிகம் என நான்காகப் பிரித்தமை காண்க. பகைவனாகக் கருதியவனுக்கு அவர் செய்த இந்நீதியை, நட்புடன் எழுதும் தேர்வு நூலார் சைவர்க்குச் செய்திலர்.

தேர்விற்குப் படிப்போர் பாடநூலோடு போப்பையர் 1900இல் வெளியிட்ட திருவாசக மொழிபெயர்ப்பையும் அருகில் வைத்துப் படித்தல் வேண்டும். குறிக்கச் சொன்ன விடை யாருடைய கொள்கை என்பதேனும் அப்போது புலனாகும். நல்லசாமிப் பிள்ளையவர்கள் சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் தந்தது 1895இல். சோமரஸ் ஜெர்மானிய மொழியிற் சித்தாந்த நூல் வெளியிட்டது 1912இல். ஆகலின், தமிழ் அறியாமையைத் தேர்வு நூலார் காரணமாகக் காட்டுதற்கு இடமில்லை.