நாற்பத்தொன்பது அங்குலக் கண்ணாடி

1851இல் லண்டன் ஹைட் பூங்காவில் நடந்த மாபெரும் பொருட்காட்சிக்காக எழுப்பிய கண்ணாடி மாளிகையின் நீளம் 1,851 அடி என்று சில புத்தகங்களில் அச்சாகியிருக்கும். ஆண்டும் அடியும் ஒத்துப்போவதில் எழுதுகிறவர்களுக்கு ஒரு மயக்கம். உண்மையான நீளம் 1,848 அடி. மூன்றடி குறைந்தால் என்ன குடி முழுகிவிட்டது என்று கேட்கலாம். கட்டடத்தின் நயமெல்லாம் அந்த மூன்றடி விடுபட்டதில்தான் இருக்கிறது. 1,848ஐ 24ஆல் வகுத்துப் பாருங்கள், மீதியில்லாமல் 77 வரும். அகலம் 408 அடி. அதை வகுத்தால் 17. நடுவில் நெடுக ஓடும் பெரிய கூடம் 72 அடி அகலம், மூன்று இருபத்து நான்கு. அந்தக் கட்டடத்தில் 1,851 அடிக்கு இடமே கிடையாது.

அது ஏன் 24? கூரையில் பதித்த கண்ணாடி ஒவ்வொன்றும் 49 அங்குல நீளம், 10 அங்குல அகலம். இரண்டு வரிசைக் கண்ணாடிகளை எதிரெதிரே சாய்த்து ஒரு முகடு கட்டினால், முகட்டுச் சட்டமும் ஓர வாய்க்காலும் சேர்ந்து எட்டடி வரும். மூன்று முகடு சேர்ந்தால் 24 அடி. அங்கே ஒரு தூண். வழக்கமாகக் கட்டடத்தை வரைந்து முடித்த பிறகுதான் கண்ணாடிக்காரருக்கு ஆள் விடுவார்கள். இங்கே கணக்கு அவருடைய பட்டறையில் தொடங்குகிறது. பர்மிங்ஹாமை அடுத்த ஸ்மெத்விக்கில் சான்ஸ் சகோதரர்களின் தொழிற்சாலையில் கண்ணாடிக் குழம்பை நீண்ட உருளையாக ஊதி, நெடுக்கில் கீறி, சூட்டில் விரித்துத் தட்டையாக்கினார்கள். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, சாட்ஸ்வர்த் மாளிகையில் பெரிய செடிக்கூடம் ஒன்றைக் கட்டியபோது, மூன்றடிக் கண்ணாடி ஊத முடிகிறவர்களுக்கு நாலடி ஏன் முடியாது என்று சான்ஸ் சகோதரர்களை நெருக்கி வாங்கியவர் ஒரு தோட்டக்காரர். ஜோசப் பாக்ஸ்டன் என்று பெயர். டெவன்ஷர் பிரபுவின் தோட்டத் தலைவர். கண்ணாடி மாளிகையின் திட்டமும் அவருடையதுதான்.

அவர் கைக்கு இந்த வேலை வந்த வழியும் சுவையானது. பொருட்காட்சிக்கான அரச ஆணையம் 1850 ஜனவரியில் அமைந்தது. கட்டடத்துக்குப் போட்டி அறிவித்தார்கள், 245 திட்டங்கள் வந்தன, ஒன்றும் தேறவில்லை. பிறகு பொறியாளர்கள் புரூனல், ராபர்ட் ஸ்டீவன்சன், கட்டடக் கலைஞர் சார்ல்ஸ் பாரி போன்ற பெருந்தலைகள் இருந்த கட்டடக் குழுவே ஒரு படம் போட்டது. ஏறத்தாழ ஒன்றரைக் கோடிச் செங்கல், நடுவில் 200 அடி குறுக்களவில் இரும்புக் கவிமாடம். பத்தே மாதத்தில் அத்தனை செங்கலைச் சுட்டு, அடுக்கி, பூச்சு உலர்த்தி, காட்சி முடிந்ததும் இடித்துப் பூங்காவைப் பழையபடி ஒப்படைக்க வேண்டும்! பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. நாடாளுமன்றத்தில் கர்னல் சிப்தார்ப், பூங்காவின் எல்ம் மரங்களுக்காகக் கூச்சல் போட்டார். எதற்கெடுத்தாலும் எதிர்ப்பவர் என்று பெயர் எடுத்தவர் அவர். மரங்கள் விஷயத்தில் அவர் பக்கம் நியாயம் இருந்தது என்பது என் எண்ணம்.

1850 ஜூன் 11 அன்று டார்பியில் ரயில்வே நிர்வாகக் கூட்டம் ஒன்றில் உட்கார்ந்திருந்த பாக்ஸ்டன், எதிரிலிருந்த மையொற்றும் தாளில் ஒரு குறுக்குவெட்டுப் படம் கிறுக்கினார். அடுத்த பத்து நாளுக்குள் முழு வரைபடங்களும் தயார். தோட்டத்தில் அவர் வளர்த்த விக்டோரியா அல்லியின் இலையைப் பார்த்துத்தான் இந்த மாளிகை பிறந்தது என்று ஒரு கதை உண்டு. அந்த இலையின்மேல் தம் மகள் ஆனியை நிற்க வைத்துக் காட்டியவர் அவர்; அந்தக் கதையை அவரே மேடையிலும் சொன்னவர். எனக்கு அதில் முழு நம்பிக்கையில்லை. இலையைவிட, அந்த அல்லிக்காக அவர் கட்டிய சிறிய கண்ணாடிக் கூடம்தான் உண்மையான தாய். மேடும் பள்ளமுமாக மடித்த கூரை, உள்ளே புழையுள்ள தூண்கள் என எல்லாம் அங்கேயே இருந்தன. இலை, சொல்வதற்கு அழகாக இருந்தது.

இனி வாய்க்காலுக்கு வருவோம். மாளிகையைப் புகழ்ந்தவர்கள் அதன் நீள அகலத்தைப் புகழ்ந்தார்கள். என்னைக் கேட்டால், அதில் நின்று பார்க்க வேண்டிய பொருள் ‘பாக்ஸ்டன் வாய்க்கால்’ என்று பெயர் பெற்ற ஒரு மரச்சட்டம். 24 அடி நீளம். மேல்முகத்தில் ஆழமான ஒரு பள்ளம். இருபுறக் கண்ணாடிகளிலிருந்தும் வழியும் மழைநீர் அதில் இறங்கும். இதுவரை எந்தத் தச்சருக்கும் தோன்றக்கூடியது. அந்தப் பள்ளத்துக்கு இரு பக்கமும், கண்ணாடியின் உள்முகத்துக்கு நேர் கீழே, இன்னும் இரண்டு சிறிய பள்ளங்கள் உண்டு. அவை எதற்கு? ஆயிரக்கணக்கானோர் கூடும் இடத்தில் மூச்சுக்காற்றின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் வியர்த்து, சொட்டாகத் திரண்டு, கீழே விரித்திருக்கும் பட்டிலும் கம்பளத்திலும் விழும். அந்தச் சொட்டு கண்ணாடியின் சரிவிலேயே ஓடிவந்து இந்தச் சிறு பள்ளத்தில் சேர்ந்துவிடும். வெளியே பெய்கிற மழைக்கு ஒரு வழி, உள்ளே வியர்க்கிற நீருக்கு ஒரு வழி, இரண்டும் ஒரே சட்டத்தில். செடிக்கூடத்தில் பல காலம் நின்று, பிடரியில் சொட்டு வாங்கியவருக்குத்தான் இது தோன்றும்.

நீர் ஓடச் சரிவு வேண்டுமே? சட்டத்தின் அடியில் ஓர் இரும்புக் கம்பியை இழுத்து, இரு முனையிலும் மரையாணி போட்டு முறுக்கினார்கள். முறுக்க முறுக்கச் சட்டம் நடுவில் மெல்ல மேலெழுந்து வில்லாக வளைந்தது. நடுவில் விழுந்த நீர் இரு முனைக்கும் தானே பிரிந்து ஓடியது. அதே முறுக்கம் கூரையின் பாரம் தாங்கும் பலத்தையும் சட்டத்துக்குக் கொடுத்தது. முனையில் வந்த நீர் குறுக்கு வாய்க்காலில் விழுந்து தூணுக்குள் இறங்கும். தூண் வார்ப்பிரும்பு, உள்ளே புழை. கூரையைத் தாங்குவதும் அதுவே, கூரை நீரை மண்ணுக்கடியில் இருக்கும் குழாயில் சேர்ப்பதும் அதுவே. இந்த வாய்க்கால்களின் மொத்த நீளம் 24 மைல் என்று அன்றே கணக்கிட்டார்கள்.

வாய்க்காலுக்கு இன்னொரு வேலையும் கொடுத்தார்கள். கண்ணாடி பதிப்பவர்களுக்கு மூடிய சிறு வண்டிகள் செய்து, அவற்றின் சக்கரங்களை இந்த வாய்க்கால் ஓரங்களிலேயே ஓடவிட்டார்கள். சாரம் கட்டும் செலவு மிச்சம். மழை பெய்தாலும் கித்தான் கூரைக்குக் கீழே உட்கார்ந்து, முன்னே பதித்துவிட்டு வண்டியைப் பின்னே தள்ளிக்கொண்டு போகலாம். இப்படி 76 வண்டிகள். 80 பேர் ஒரே வாரத்தில் 18,000க்கு மேற்பட்ட கண்ணாடிகளைப் பதித்தார்கள். ஒரு தொழிலாளி ஒரே நாளில் 108 பதித்தார் என்றும் குறிப்பு இருக்கிறது. அவர் பெயரையும் யாராவது எழுதி வைத்திருக்கலாம்.

தூணில் இன்னொரு நுட்பம் உண்டு. மாளிகையில் 3,300 தூண்கள். கீழ்த்தூண் மேல் மாடங்களையும் சுமக்கிறது. மேல்தூணுக்குக் கூரை மட்டும். அப்படியானால் கீழே பருத்தும் மேலே மெலிந்தும் இருக்க வேண்டும். ஆனால் எல்லாத் தூணுக்கும் வெளிக் குறுக்களவு எட்டே அங்குலம். பாரத்துக்கேற்ப மாறியது உள்ளே இரும்பின் கனம் மட்டுமே. அதனால் எந்த உத்தரமும் எந்தத் தூணோடும் பொருந்தியது. தேடிப் பொறுக்கும் வேலையில்லை. உத்தரத்தைத் தூணோடு பிணைத்தது ஆப்பு. தட்டினால் இறுகும், தட்டினால் கழலும். இணைப்புகளில், விட்வொர்த் என்ற பொறியாளர் வகுத்த தர அளவுப்படி மரை வெட்டிய போல்ட்டுகள் பயன்பட்டதை 2024இல் வெளியான ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. இன்று எந்தக் கடையில் வாங்கிய நட்டும் அதே அளவுள்ள எந்த போல்ட்டிலும் ஏறுகிறது; அன்று அது புதுமை.

இதுவரை பாக்ஸ்டன் பெயரையே சொல்லிக்கொண்டு வந்தேன். மையொற்றும் தாளில் இருந்ததை மண்ணில் நிறுத்தியவர் சார்ல்ஸ் ஃபாக்ஸ். ஃபாக்ஸ் ஹெண்டர்சன் என்ற ஒப்பந்த நிறுவனத்தின் பங்காளி, பொறியாளர். ஒவ்வொரு தூணுக்கும் உத்தரத்துக்கும் வேலைப் படங்களை ஏழு வாரம், நாளுக்கு 18 மணி நேரம் உட்கார்ந்து அவரே வரைந்தார். 1850 ஜூலை 30 அன்று நிலம் கைக்கு வந்தது. முதல் தூண் எழுந்தது செப்டம்பர் 26 அன்று. வேலை உச்சத்தில் இருந்தபோது 2,000 பேருக்கு மேல் அங்கே உழைத்தார்கள். வார்ப்பாலையிலிருந்து வந்த ஒவ்வொரு வார்ப்பிரும்பு உத்தரத்தையும் அங்கேயே நீரழுத்தப் பொறியில் வைத்துச் சோதித்த பிறகே மேலே ஏற்றினார்கள். ஏற்றியது என்னவோ கயிறும் கப்பியும் குதிரையும்தான். எந்த வார்ப்பும் ஒரு டன்னுக்கு மேல் போகாதபடி வரைந்திருந்ததால் அதுவே போதுமாயிற்று.

ஃபாக்ஸ் போட்ட விலைப்புள்ளி தனியே ரசிக்க வேண்டியது. கட்டடம் ஆணையத்துக்கே சொந்தமானால் 1,50,000 பவுன். காட்சி முடிந்ததும் பிரித்துத் தாமே எடுத்துக்கொள்வதானால் 79,800 பவுன். நம் ஊர்ப் பந்தல்காரர் கணக்கு இது. காலும் கீற்றும் அவருடையது, நாம் கொடுப்பது வாடகை. பிரித்தெடுத்தபின் விற்கக்கூடிய சரக்கு என்பதால்தான் ஒரே அளவு, ஒரே அச்சு, கழலும் ஆப்பு என்று எல்லாம் வந்து பொருந்தின. வேலையிடத்தைச் சுற்றி வேலியாக நின்ற பலகைகளையும் வீணாக்கவில்லை. கடைசியில் அவை மாளிகையின் தரைப்பலகையாகப் படுத்துக்கொண்டன. அந்தத் தரைப்பலகைகளுக்கிடையில் சிறு இடைவெளி விட்டிருந்தார்கள். பெருக்கினால் தூசி கீழே போய்விடும். பெருக்குவதற்கென்று தனிப் பொறியும் திட்டத்தில் இருந்தது. நீண்ட பாவாடை தரையில் புரள நடந்த சீமாட்டிகள் அந்த வேலையைச் சம்பளமில்லாமல் செய்து முடித்தார்கள் என்று அந்தக் காலத்தவர் கேலி செய்தார்கள்.

சிப்தார்ப் கூச்சலிட்ட எல்ம் மரங்கள்? சில வெட்டுப்பட்டன. நடுவிலிருந்த பெரிய மரங்களை வெட்டாமல், அவற்றுக்கு மேலே 108 அடி உயரத்தில் வளைந்த கூரை போட்டு, மரங்களோடு சேர்த்தே கட்டிவிட்டார்கள். நீள்பெட்டியாகச் சலித்துப்போயிருக்க வேண்டிய கட்டடத்துக்கு முகம் கிடைத்தது அந்த வளைவால்தான். எதிர்ப்பு செய்த உபகாரம் என்று சொல்லலாம். மரத்தோடு குருவிகளும் உள்ளே தங்கிவிட, விக்டோரியா அரசி யோசனை கேட்டதாகவும், வல்லூறு விடச் சொல்லி வெல்லிங்டன் பிரபு பதில் சொன்னதாகவும் ஒரு கதை. நடந்ததோ இல்லையோ, குருவிகள் இல்லாமல் இந்த மாளிகையைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

நிறத்தைக் கட்டடக் கலைஞர் ஓவன் ஜோன்ஸ் பார்த்துக்கொண்டார். நீலம், மஞ்சள், சிவப்பு மூன்றையும் மெல்லிய பட்டைகளாகத் தீட்டி, ஒன்றோடொன்று மோதாமல் இடையில் வெள்ளை விட்டார். தீட்டும்போது பலரும் முகம் சுளித்தார்கள். கட்டி முடித்துத் தொலைவிலிருந்து பார்த்தபோது, வரிசை வரிசையாகப் போகும் தூண்கள் நீல மூட்டத்தில் கரைவதைக் கண்டு அவர்களில் பலர் வாயடைத்துப்போனார்கள். இவ்வளவு மெலிந்த இரும்பு காற்றடித்தால் நிற்குமா என்று அரசு வானியலாளர் ஜார்ஜ் ஏரி ஐயம் கிளப்பினார். மாடத்துக்கு மாதிரி ஒன்று கட்டி, தொழிலாளர்களை ஏற்றிக் குதிக்கவிட்டார்கள். படைவீரர்களை அணிவகுத்து மிதிக்கவிட்டார்கள். பீரங்கிக் குண்டுகளை உருட்டிப் பார்த்தார்கள். அசையவில்லை.

குறையே இல்லையா என்றால், உண்டு. பலத்த மழையில் கூரை சில இடங்களில் ஒழுகியது. வெயிலில் உள்ளே புழுங்கியது. கூரைமேல் துணி விரித்து, சுவரோரச் சாய்தகடுகளைத் திறந்து காற்று விட்டும் முழுத் தீர்வு கிடைக்கவில்லை. கிட்டத்தட்ட மூன்று லட்சம் கண்ணாடிகளில், அத்தனை வாய்க்கால் மூட்டுகளில், ஒழுகியது இவ்வளவுதானா என்றே எனக்கு வியப்பு.

உள்ளே கோஹினூர் வைரம் முதல் நீராவிப் பொறி வரை வைத்திருந்தார்கள்; அவற்றைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். மே 1 அன்று சொன்னபடி திறந்த மாளிகைக்கு அக்டோபர் வரை 60 லட்சம் முறைக்கு மேல் ஆட்கள் வந்து போனார்கள். செலவு போக ஏறக்குறைய 1,86,000 பவுன் மிச்சம். அந்தப் பணத்தில் வாங்கிய சவுத் கென்சிங்டன் நிலத்தில்தான் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் நிற்கிறது. மாளிகையை 70,000 பவுனுக்கு வாங்கிய ஒரு நிறுவனம், பிரித்த தூண்களையும் சட்டங்களையும் சிடன்ஹாமுக்கு எடுத்துப்போய், இன்னும் பெரிதாகக் கட்டி 1854இல் திறந்தது. 1936 நவம்பர் 30 இரவில் அது எரிந்து போனது.

பாக்ஸ்டனுக்கும் ஃபாக்ஸுக்கும் 1851இலேயே சர் பட்டம் கிடைத்தது. பேர் மட்டும் பாக்ஸ்டனுக்கே நிலைத்தது. ஃபாக்ஸின் நிறுவனம் 1856இல் நொடித்துப்போனது. அவர் மனம் தளராமல் மகன்களைச் சேர்த்துக்கொண்டு, குறுகிய ரயில் பாதைகளில் கைதேர்ந்த ஆலோசனைப் பொறியாளரானார். 1865இல் மூன்றடி ஆறங்குல அகலத்தில் ஒரு சிறு பாதை நம் பக்கத்திலேயே திறந்தது. அதன் பொறியியல் பொறுப்பில் இருந்தவர்களில் அவரும் ஒருவர். அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்குப் போன பாதை அது.