மாத்திரை கொடுத்தாயிற்று, பிறகு?

‘ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை, வெளியே வாங்கிக்கோ’ என்ற பழைய பேச்சைத் தமிழ்நாடு பெருமளவு ஒழித்துவிட்டது. 1994இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாகக் கொள்முதல் செய்து, தரம் பார்த்து, மாவட்டக் கிடங்குகள் வழியே அனுப்புகிற முறை பிற மாநிலங்களுக்கு முன்மாதிரியானது. வடசென்னையின் பழைய ஆட்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்லும் ஸ்டான்லியில், காசிமேட்டு மீனவரும் எண்ணூர் ஒப்பந்தத் தொழிலாளியும் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் காசில்லாமல் மாத்திரை வாங்குவது அதனால்தான்.

ஆனால் அந்தச் சாதனை மருந்து கொடுக்கும் ஜன்னலோடு முடிந்துவிடுகிறது. அரசு தரும் மாத்திரை அட்டையில் அம்லோடிபின் என்று மூலப்பெயர் இருக்கும். தெருமுனைக் கடையில் அதே மருந்து கம்பெனிப் பெயரில் கிடைக்கும். வேறு வேறு என்று நினைத்து இரண்டையும் விழுங்குகிறவருக்குக் கால் வீங்கும், தலை சுற்றும். இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர் முட்டிவலிக்கு டைக்ளோஃபெனாக் போட்டால் ரத்தக்கசிவே வரலாம். ஆலைப்புகைக்கு நடுவே இழுப்போடு வாழ்கிறவருக்கு இன்ஹேலர் தந்தால் மட்டும் போதாது. அழுத்தும்போதே மெல்ல மூச்சை இழுத்து, சற்று அடக்கி வைக்க வேண்டும் என்று செய்துகாட்டாவிட்டால் மருந்தில் பெரும்பகுதி தொண்டையோடு நின்றுவிடும். இதையெல்லாம் யார் சொல்வது? மருத்துவர் முன்னும் கூட்டம், மருந்தாளுநர் முன்னும் கூட்டம்.

இந்த வேலைக்கென்றே படித்தவர் கிளினிக்கல் பார்மசிஸ்ட். வார்டில் கேஸ் ஷீட்டைப் படித்து, மருந்துகளின் மோதலையும் அளவையும் பார்த்து மருத்துவரிடம் சொல்வார், நோயாளிக்கும் விளக்குவார். ஊட்டி அரசுத் தலைமை மருத்துவமனையில் ஜே.எஸ்.எஸ். மருந்தியல் கல்லூரி இப்படியொரு துறையையே நடத்திக் காட்டியது. அரசுக்குச் செலவு குறைவு, மாணவருக்கு நிஜ நோயாளியிடம் பயிற்சி. கெட்டிக்கார ஏற்பாடுதான். ஆனால் மாணவரை நம்பிய சேவை கல்லூரியின் கால அட்டவணைக்குக் கட்டுப்பட்டது. பதவியில்லாத ஒருவர் சொல்லும் திருத்தத்தை மருத்துவர் கேட்கலாம், கேட்காமலும் போகலாம். கற்பித்தலுக்கான ஏற்பாட்டைச் சிகிச்சையின் அங்கமாக நினைத்துத் திருப்திப்படுவது சரியல்ல.

இந்த வேலைக்கு ஆள் தயாரிக்கும் ஆறாண்டு பார்ம்.டி. படிப்பு 2008இல் இந்தியாவில் வந்தது. நோயாளிக்கு ஆலோசனை சொல்வது மருந்தாளுநரின் கடமை என்று மருந்தாளுநர் தொழிலுக்கான 2015 விதிமுறைகள் சொல்கின்றன. வரிசையை விட்டு நகர முடியாதவரிடம் அந்தக் கடமையைச் சுமத்தி என்ன பயன்?

இலங்கையில், கொழும்புக்கு வடக்கே ராகமைப் போதனா மருத்துவமனையில் வார்டுக்குக் கிளினிக்கல் பார்மசிஸ்ட்டை அனுப்பிப் பார்த்தார்கள். மருந்துக் கோளாறால் திரும்ப அட்மிட் ஆனவர்கள் குறைந்தார்கள். 2018இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் முடிவு வெளியானது. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரிக்காத ஆய்வு என்பதால் அதைக் கடைசித் தீர்ப்பாகக் கொள்ள முடியாது. ஆனாலும் நம்மைப் போன்ற இலவச மருத்துவ அமைப்பில் கிடைத்த சான்று, மேலைநாட்டு உதாரணங்களைவிட நமக்கு நெருக்கமானது.

2021 ஆகஸ்டிலிருந்து தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோகிறது. நல்ல திட்டம். ஆனால் வீட்டு டப்பாவில் கிடக்கும் மற்ற மாத்திரைகளோடு இது ஒத்துப்போகுமா என்று கண்டுபிடிக்க, அதைக் கொண்டுவரும் தன்னார்வலருக்குப் படிப்பில்லை. ஆக, தேவை கூடியிருக்கிறது.

வார்டுக்கொருவர் என்று மேலைநாட்டு அளவில் கேட்டால் நிதித்துறை கோப்பைத் திருப்பி அனுப்பிவிடும். வார்ஃபரின் நோயாளிகள், இழுப்பு நோயாளிகள், டிஸ்சார்ஜ் ஆகிறவர்கள் என மூன்று பிரிவினருக்கு மட்டும் ஸ்டான்லியில் நிரந்தரக் கிளினிக்கல் பார்மசிஸ்ட் பணியிடங்களை உருவாக்குங்கள். கேஸ் ஷீட்டில் எழுதும் அதிகாரத்தையும் சேர்த்தே கொடுங்கள்.