தவறியவர் யார்? – காசநோய்ச் சிகிச்சை அட்டையை வாசித்தல்

ஆஸ்பத்திரிக் காகிதங்களை இலக்கியப் பிரதிபோல வாசிக்கலாமா என்று நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். வாசித்தே ஆகணும் என்றுதான் சொல்வேன். தமிழ் எம்.ஏ. வகுப்பில் எங்களுக்குச் சொற்பொருள் ஆராயக் கற்றுக்கொடுத்தார்கள். சங்கப் பாட்டுக்கு மட்டும்தான் அது செல்லும் என்று யாரும் நிபந்தனை போடவில்லை. ஒரு நோயாளியைப் பற்றி அரசு எழுதிவைக்கிற சொல், அவருக்கு என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதைத் தீர்மானிக்கிறது. ஆகவே அதுவும் நம் வேலைக்குள் வருகிற பிரதிதான்.

காசநோய்த் திட்டங்கள் உலகம் முழுக்கப் பல பத்தாண்டுகள் புழங்கிய மூன்று ஆங்கிலச் சொற்களை எடுத்துக்கொள்வோம்: சஸ்பெக்ட், டிஃபால்டர், கன்ட்ரோல். வாரக்கணக்கில் இருமுகிறவர் சஸ்பெக்ட். போலீஸ் ஸ்டேஷனில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தொடர்ந்து இரண்டு மாதம் மருந்து எடுக்காமல் விட்டவர் டிஃபால்டர். கடன் தவணை கட்டாதவனுக்கு வங்கி வைத்திருக்கிற அதே பேர். இவர்களை வைத்துச் செய்யப்படுவது கன்ட்ரோல். சந்தேகம், குற்றம், கட்டுப்பாடு என்று குற்றவியல் எடுத்துரைப்பு ஒன்று முழுசாக வந்துவிடுகிறது. இந்தச் சொற்களுக்கு எதிர்ப்பு கிளம்பிய பிறகு, உலக சுகாதார நிறுவனம் 2013இல் முதல் இரண்டையும் தன் வரையறைகளிலிருந்து எடுத்தது. டிஃபால்டருக்குப் பதிலாக வந்தது 'லாஸ்ட் டு ஃபாலோ-அப்', அதாவது பின்தொடர்தலில் தொலைந்துபோனவர். தொலைத்தது யார் என்பதை இந்தச் சொல்லும் சொல்வதில்லை.

தமிழில் இந்த நோய்க்கு இருந்த பேர்களையும் பார்க்கணும். க்ஷயம் என்றால் தேய்தல். எலும்புருக்கி என்பதற்கு விளக்கமே வேண்டாம். இரண்டும் நோயாளியின் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கிற பேர்கள். காசம் என்பது இருமல். அதுவும் பழைய சொல்தான், சித்த மருத்துவத்தில் உண்டு. ஆனால் அரசு ஆவணங்களில் நிலைத்துப்போனது இருமலைக் கேட்கிற பேர். உருகுவது நோயாளியின் பாடு, இருமல் பக்கத்தில் இருப்பவனின் பயம். பேர் வைத்தவர்கள் திட்டமிட்டுச் செய்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் சிகிச்சைத் திட்டமும் இதே பக்கமாகத்தான் நகர்ந்தது.

1990களில் உலகெங்கும் பரவிய டாட்ஸ் முறைக்கு, அதாவது நேரடிக் கண்காணிப்பில் மாத்திரை கொடுக்கும் முறைக்கு, இரண்டு இலக்குகள். சளியில் கிருமி தெரிகிற புதிய நோயாளிகளில் 70 சதவீதம் பேரைக் கண்டுபிடிக்கணும், அப்படிக் கண்டுபிடித்தவர்களில் 85 சதவீதம் பேரைக் குணமாக்கணும். சளியில் கிருமி தெரிகிறவர்தான் அதிகம் பரப்புகிறவர் என்பது உண்மை. ஆனால் சளி துப்பத் தெரியாத குழந்தைக்கும், முதுகெலும்பிலோ மூளையுறையிலோ நோய் வந்தவருக்கும் அந்த இலக்குக் கணக்கில் இடமில்லை. 'நோயாளி' என்கிற வகைக்குள்ளேயே ஒரு மையமும் ஒரு விளிம்பும் உருவாக்கப்பட்டன.

இலக்கியக்காரர்களான நாம் மட்டும் யோக்கியமா என்றால் இல்லை. புதுமைப்பித்தன் 1948இல் தன் 42ஆவது வயதில் இந்த நோயில்தான் செத்தார். அதற்கு ஐந்து வருடம் முன்பே, 1943இல், ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டாயிற்று. நாமோ அந்த மரணத்தை மேதைமைக்கு விதிக்கப்பட்ட விலையாகவே பேசிப் பழகிவிட்டோம். சிறுபத்திரிகை மரபில் வறுமையும் இருமலும் ஒருவித அந்தஸ்து. இந்த உருவகத்தைத்தான் சூசன் சொன்டாக் 1978இல் 'நோய் ஓர் உருவகமாக' என்ற பொருள்படும் நூலில் கறாராகப் பிரித்துப்போட்டார். சஸ்பெக்ட் என்று எழுதுகிற அரசாங்கமும், மேதை என்று எழுதுகிற நாமும் சேர்ந்து மறைத்தது ஒன்றையே: பசித்த உடம்பை.

சரி, இன்னொரு பக்கம். டாட்ஸ் என்பது ஃபூக்கோ சொன்ன கண்காணிப்புச் சிறைதான் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிற போக்கு நம் வட்டாரத்தில் உண்டு. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. 1960களில் பெங்களூர் வட்டாரக் கிராமங்களில் தேசிய காசநோய் நிறுவனம் செய்த ஆய்வு, சளியில் கிருமி உள்ளவர்களை மருந்தில்லாமல் விட்டால் ஐந்து வருடத்தில் ஏறக்குறையப் பாதிப்பேர் இறந்துபோவதைக் காட்டியது. மருந்தை அரைகுறையாகச் சாப்பிட்டால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறும். இதெல்லாம் சொல்லாடல் அல்ல, நுரையீரலில் நடப்பது. எனவே கண்காணிப்பு வேண்டுமா வேண்டாமா என்பதைவிட, கண்காணிப்பு எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்காமல் விடுகிறது என்று கேட்பதே உபயோகமான விமர்சனம்.

இதற்கான மூலப்பிரதி சென்னையிலேயே இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் அன்றைய சென்னை அரசும், உலக சுகாதார நிறுவனமும் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து 1956இல் சேத்துப்பட்டில் ஒரு காசநோய் மையத்தைத் தொடங்கின. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். அதுவரை காசநோய்க்குச் சரியான இடம் சானடோரியம் என்பதே நம்பிக்கை. நல்ல காற்று, ஓய்வு, பால், முட்டை. தாம்பரத்தில் 1928இல் உருவான சானடோரியம் இந்த நம்பிக்கையின் கட்டடம். ஆனால் அத்தனை நோயாளிக்கும் படுக்கைக்கு எங்கே போவது? வாலஸ் ஃபாக்ஸ் தலைமையிலான குழு, சென்னை நகரத்து ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு பகுதியினர் சானடோரியத்தில், மறு பகுதியினர் நெருக்கடியான தங்கள் வீடுகளிலேயே. இருவருக்கும் ஒரே மருந்துகள், ஒரு வருடம். 1959இல் முடிவு வெளியானது. இரு பக்கமும் குணமானவர்கள் ஏறத்தாழச் சமம். வீட்டில் இருந்தவர்களுக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை.

ஏழையின் வீட்டிலும் இந்த நோய் குணமாகும் என்று நிரூபித்தது சாதாரண காரியமில்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதில் சென்னையின் பங்கு பெரிது. ஆனால் அதே ஆய்வு இரண்டு வாரிசுகளை விட்டுச்சென்றது.

முதல் வாரிசு, சந்தேகம். வீட்டில் இருந்த நோயாளி நிஜமாகவே மருந்து சாப்பிடுகிறாரா என்று பார்க்கத் திடீரென்று போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். ஆய்வுக்கு அது தேவை. ஆனால் ஆய்வின் தேவை பிற்பாடு திட்டத்தின் தத்துவமாகிப்போனது. கண் முன்னால் விழுங்கவைக்கிற யோசனை சென்னையில்தான் வளர்ந்தது. தினமும் ஆள் வந்து விழுங்கிக்காட்டுவது கஷ்டம் என்பதால், வாரத்தில் சில நாள் மட்டும் கொடுக்கலாமா என்ற ஆய்வுகளும் இங்கே நடந்தன. இந்தியா 1997இல் விரிவாகத் தொடங்கிய திட்டத்தில் வாரம் மூன்று முறைதான் மருந்து. பார்க்கிறவரின் வசதிக்கு மருந்தின் தாளம் அமைந்தது. மறுபடி நோய் வருவதும், கிருமி மருந்தை எதிர்ப்பதும் இந்த முறையில் கூடுதல் என்று தெரியவந்து, நாடு முழுக்கத் தினசரி மருந்துக்கு மாற 2017 ஆயிற்று.

இரண்டாவது வாரிசு, சோறு. சானடோரியத்தில் நன்றாகச் சாப்பிட்டவர்களும் வீட்டில் கஞ்சி குடித்தவர்களும் ஒன்றுபோலக் குணமானதால், மருந்து இருந்தால் போதும், உணவு முக்கியமில்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். சளியில் கிருமி போயிற்றா என்ற கேள்விக்கு அது சரியான விடை. ஆனால் அந்த வீட்டில் இன்னொருத்தருக்கு ஏன் நோய் வருகிறது என்பது வேறே கேள்வி. அதைக் கேட்க அறுபது வருடம் பிடித்தது. ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நடந்த 'ரேஷன்ஸ்' ஆய்வு, நோயாளியின் குடும்பத்தாருக்கு மாதாமாதம் உணவுப்பொருள் கொடுத்தபோது அவர்களிடையே புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்ததைக் கண்டது. 2023இல் இது வெளியானது. எலும்புருக்கி என்று பேர் வைத்தவருக்குத் தெரிந்த விஷயம்தான், சுற்றி வளைத்துத் திரும்பி வந்திருக்கிறது. அரசு 2018இல் நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் கொடுக்க ஆரம்பித்து, 2024 நவம்பரில் அதை 1000 ஆக்கியது. ஆறு மாதம் கூலிக்குப் போக முடியாத வீட்டுக்கு அது எத்தனை நாள் காணும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

அட்டையில் எடைக்கு ஒரு கட்டம் உண்டு. எடை ஏன் ஏறவில்லை என்பதற்குக் கட்டமில்லை. இந்த இடத்தில் தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' கொஞ்சம் வேறு மாதிரி வாசிக்கிறது. நோய் கண்டறிந்தவுடனேயே உடல் எடை உயரத்துக்கேற்ப இருக்கிறதா, கால் வீங்கியிருக்கிறதா, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு, துணையில்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். மோசமாக இருப்பவரை உடனே படுக்கையில் சேர்க்கிறார்கள். எழுந்து நிற்க முடிகிறதா என்று ஒரு படிவம் கேட்பது சின்ன விஷயமில்லை. கீழ்ப்படிகிறாரா என்பதை விட்டுவிட்டு, பிழைப்பாரா என்று கேட்கிற கண்காணிப்பு அது. கண்காணிப்பை மொத்தமாக நிராகரிக்கிற நண்பர்கள் இதற்கும் பதில் சொல்லணும்.

கடைசியாக, தவறுவது பற்றி. 2024 மார்ச்சில் மத்திய அரசு, காசநோய் மருந்து வந்துசேரத் தாமதமாகலாம், மூன்று மாதத்துக்கு உள்ளூரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள் என்று மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. மாத்திரை வாங்க வந்தவர் வெறுங்கையோடு திரும்பினால் அட்டையில் யார் பேருக்கு நேரே எழுதுவது? மருந்துக்கு அடங்காத காசநோய்க்கான பெடாகுவிலின் மீது ஜான்சன் அண்ட் ஜான்சன் தன் காப்புரிமையை நீட்டிக்கப் பார்த்தபோது, 2019இல் அதை எதிர்த்து மனுப் போட்டவர்கள் மும்பையின் நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் பூமேசா டிசிலேயும். பழைய காசநோய் மருந்துகளின் பக்கவிளைவால் காது கேட்காமல் போனவர்கள் இரண்டு பேரும். 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் கம்பெனியின் விண்ணப்பத்தை நிராகரித்தது. அட்டையில் கட்டமாக மட்டுமே இருந்தவர்கள் மனுதாரர்களாகத் தாங்களே எழுதிய பிரதி அது.

2025க்குள் காசநோயை ஒழிப்பதாக 2018இல் அறிவித்தார்கள். லட்சம் பேருக்கு 2015இல் 237 ஆக இருந்த புதிய நோயாளிகள் 2024இல் 187. குறைந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஒழியவில்லை. கெடு தவறிய இந்தத் திட்டத்தை யாரும் டிஃபால்டர் என்று எழுதவில்லை.

ஆகவே நான் கேட்பது ஒன்றே. நோயாளி மருந்து எடுக்காத நாளைக் குறிக்கிற அட்டையில், மருந்து வராத நாளுக்கும், உணவுப் பணம் வராத மாதத்துக்கும் ஒவ்வொரு கட்டம் வேண்டும். களத்தில் இருக்கிற தோழர்கள் அதிகாரிகளிடம் இதைக் கேளுங்கள். தராவிட்டால், அட்டையின் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கும். நோயாளியோடு உட்கார்ந்து அதில் எழுதிவையுங்கள்.